மண்டபத்து வெயிலில் பாலிஅனிலின் பிரைமர்: சில கோடைகளுக்குப் பின்

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கான பாலிஅனிலின் கலந்த எப்பாக்சி பிரைமரை, ராமேஸ்வரம் அருகே கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு இரும்புக்கெல்லாம் அடித்துச் சில கோடைகள் ஆகிவிட்டன. இங்கே இரும்புக்குப் பகை உப்புக்காற்று என்பது ஊரறிந்த செய்தி. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) அரிமானச் சோதனைக்கு, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதைச் சோதிக்க, மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. ஆனால் இந்தப் பூச்சுக்குப் பகை காற்றைவிட வெயில்தான் என்பது என் அனுபவம்.

பாலிஅனிலினில் அமிலம் ஏறியிருக்கும்போது அது பச்சையாக இருக்கும், மின்சாரத்தைக் கடத்தும். அமிலம் நீங்கினால் நீலமாகும், கடத்துதிறன் போய்விடும். ரெட் ஆக்சைடு போல வெறும் மூடியாக நில்லாமல், உலோகத்தோடு எலக்ட்ரான் பரிமாறி அதன்மேல் இறுக்கமான ஆக்சைடு படலத்தை நிலைநிறுத்துவது இதன் சிறப்பு. துருப்பிடிக்கா எஃகில் இதை 1985இல் டீபெர்ரி என்ற ஆய்வாளர் காட்டினார்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஸ்டாண்டில் மூன்று கால்களுக்குப் பிரைமரின் மேல் வெள்ளை பாலியூரித்தேன் அடித்து, தெற்கு வெயில் படும் நான்காவது காலை மட்டும் வேண்டுமென்றே பிரைமரோடு விட்டேன். முதல் கோடையிலேயே அதன் பளபளப்பு போய், விரலால் தேய்த்தால் கோலமாவு போல ஒட்டியது. சூரிய ஒளியில் ஏறக்குறைய 290 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்கள் எப்பாக்சியை இப்படித்தான் அரிக்கும்; பெயிண்டர்கள் இதைப் ‘பவுடர் விடுது’ என்பார்கள். அதன் பிறகு, வெயில் நேரே படும் முகம் பழுப்பாகியது. ஆங்கிளின் உள்முகத்திலோ பச்சை அப்படியே இருக்க, மழைநீர் வழியும் ஓரத்தில் மட்டும் நீலம் ஏறியிருந்தது. நீலமான இடத்தில் எலுமிச்சைச் சாறு தடவியபோது பச்சை மெல்லத் திரும்பியது (ஊறுகாய்க்கு வைத்த பழம் என்று வீட்டில் சத்தம் வேறு). பழுப்பான இடத்தில் எத்தனை தடவினாலும் அசைவில்லை. முன்னதில் அமிலம் மட்டுமே போயிருக்கிறது. பின்னதிலோ ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து, மின்னோட்டத்துக்கு வழிவிடும் இரட்டைப் பிணைப்புத் தொடரையே அறுத்துவிட்டன.

அதற்காகக் கதிர்வீச்சு எதுவானாலும் இந்தப் பொருளைக் கெடுக்கும் என்று சொல்லிவிடக் கூடாது. நீல நிலையில் உள்ள பாலிஅனிலினைப் பிவிசியுடன் கலந்து கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்களைப் பாய்ச்சினால், பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு பிரிந்து பாலிஅனிலினில் ஏறி, அதைப் பச்சையாக்கிக் கடத்துதிறனையும் கூட்டுகிறது. இந்த நிறமாற்றத்தைக் கொண்டு கதிர்வீச்சின் அளவை அறியும் படலங்களைச் செய்திருக்கிறார்கள். எந்தக் கதிர், கூட இருக்கும் பிணைபொருள் எது, ஆக்சிஜன் உள்ளே வருமா என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

வாங்குவோர், எப்பாக்சியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரையும் விசாரிக்க வேண்டும். அமீன் வகை ஹார்டனர் காரத்தன்மை உடையது என்பதால், கலக்கும்போதே பச்சையை நீலத்தின் பக்கம் இழுக்கும்.

மேல்பூச்சு அடித்த மூன்று கால்களிலும், வெயிலே எட்டாத மோட்டார் அறைக் கதவிலும் துரு தலைகாட்டவில்லை. விலை ரெட் ஆக்சைடைவிட அதிகம்தான்; இருந்தாலும் நிழலில் உள்ள இரும்புக்குத் தயங்காமல் வாங்குவேன். மாடியில் என்றால், டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளை மேல்பூச்சுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடிந்தால்தான் இதை அடிப்பேன். அதுவும் பவுடர் விடத் தொடங்கியதும், பச்சை வெளியே தெரியும்வரை காத்திராமல், உப்புத்தாள் போட்டு மறுபடி அடித்துவிட வேண்டும்.