எச்சரிக்கை: கேப் டவுன் முதல் விக்டோரியா அருவி வரை என்று 4,60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பாதி வழியில் இறக்கிவிட்டார்கள்

4,60,000 ரூபாய். எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து. விமான டிக்கெட் தனி, விசா தனி, மலேரியா மாத்திரை தனி. இவ்வளவும் கட்டிவிட்டு ஒரு யானையைக்கூடப் பார்க்காமல் கோயம்புத்தூர் திரும்பியிருக்கிறோம். பெட்டியிலிருந்து நமீபியா மணலை இன்னும் முழுசாகத் தட்டி முடிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த மாதிரிப் பயணம் போக நினைப்பவர்கள் எதையெல்லாம் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஓவர்லேண்ட் பயணம் தெரியாதவர்களுக்கு: லாரிச் சட்டத்தின் மேல் பஸ் மாதிரி கூடு கட்டியிருப்பார்கள். ஏறத்தாழ இருபது பேர் உட்காரலாம். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி எல்லாம் வெளியே வரும். கேப் டவுனில் கிளம்பி, நமீபியாவுக்குள் வடக்கே போய், போட்ஸ்வானா வழியாக ஜிம்பாப்வேக்குப் போய் விக்டோரியா அருவியில் முடிப்பார்கள். மூன்று வாரம். வழியில் பிஷ் ரிவர் பள்ளத்தாக்கு, சோசுஸ்ஃபிளே மணல்மேடுகள், ஸ்வாகோப்மண்ட் கடற்கரை. அதற்கப்புறம் எட்டோஷா காடு, ஒகவாங்கோ சதுப்புநிலம், சோபே ஆறு. முதல் பாதியில் பெரும்பாலும் நிலக்காட்சிதான். யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் இரண்டாம் பாதியில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வயிறு எரிவது அங்கேதான்.

நாங்கள் பிடித்தது பல நிறுவனங்களின் பயணங்களை ஒரே இடத்தில் போட்டு விற்கும் ஓர் இணையச் சந்தையில். பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. அந்தச் சந்தைக்குள் கடை போட்டிருந்த ஒரு தரகு நிறுவனம்தான் எங்களுக்கு விற்றது. லாரி இன்னொரு கம்பெனியுடையது. சந்தை, தரகர், லாரிக்காரர் என்று மூன்று கை. பணம் வாங்கும்போது மூன்றும் ஒரே கை மாதிரி இருந்தது. திருப்பிக் கேட்டபோதுதான் மூன்று என்று தெரிந்தது.

நம்பிய கதையைச் சொல்கிறேன். அந்தத் தரகர் வாட்ஸ்அப்பில் வீடியோவில் வந்தார். ஆங்கிலத்தில்தான் பேச்சு, ஆனால் எடுத்ததும் "வணக்கம் அண்ணா" என்றார். டர்பன்காரராம். 1860 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்களே, அந்த வழியில் வந்த குடும்பமாம். தமிழ் பேச வராது, ஆனால் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாராம். சுவரில் முருகன் படம் இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்ததும் "அண்ணி" என்று கும்பிட்டார். அவளுக்கு முதுகுவலி உண்டு என்று கேட்டதும், "அண்ணி கூடாரத்திலெல்லாம் படுக்கவே வேண்டாம், எல்லா ராத்திரியும் அறை, கட்டில், வெந்நீர், அதற்கு நான் பொறுப்பு" என்றார். அந்த "நான் பொறுப்பு" இப்போதும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

(டர்பன் தமிழர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆள் டர்பன்காரர்தானா என்பதே இப்போது சந்தேகம். முருகன் படம் யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.)

அவர் சொன்ன தகவல் எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் கொடுமை. ஆகஸ்டில் வாருங்கள், எட்டோஷாவில் மழை இருக்காது, விலங்கெல்லாம் தண்ணீர்க் குட்டைக்குத்தான் வந்தாக வேண்டும் என்றார். உண்மை. ஒகாகுவேயோ முகாமில் குட்டைக்கு விளக்குப் போட்டிருப்பார்கள், ராத்திரி உட்கார்ந்த இடத்திலேயே கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம் என்றார். அதுவும் உண்மை. அங்கோலா மலையில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து, போட்ஸ்வானாவில் வறண்ட காலம் நடக்கும்போதுதான் ஒகவாங்கோவை நிறைக்கும், மொகோரோ தோணியில் போக அதுவே நல்ல சமயம் என்றார். எல்லாம் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரி. பொய்யை ஒரே ஒரு இடத்தில்தான் வைத்திருந்தார்.

பணம் கட்டும்போது, கார்டில் கட்டினால் கமிஷன் போகும், வங்கி வழியாக நேரே அனுப்பினால் ஐந்து சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்றார். அனுப்பினோம். குறைத்த பிறகுதான் 4,60,000. "முழுப் பயணமும் உறுதி" என்று சந்தையின் முத்திரையோடு ஒரு தாள் வந்தது. கேப் டவுன் என்று தொடங்கி விக்டோரியா அருவி என்று முடிந்தது அந்தத் தாள். அடியில் சாட்சா சங்கத்தின் சின்னம். தென்னாப்பிரிக்கப் பகுதிச் சுற்றுலா நிறுவனங்களுக்கான சங்கம் அது. உறுப்பினர் நிறுவனம் நொடித்துப்போனால் பயணி கட்டிய முன்பணத்துக்குப் பாதுகாப்பு தரும் ஏற்பாடு அதில் உண்டு. சங்கம் நிஜம். அந்தத் தாளில் சின்னத்தைப் போட்டவன் அதில் உறுப்பினரே இல்லை.

கேப் டவுனில் காலையில் லாரியில் ஏறப்போனால், வழிகாட்டி கையிலிருந்த பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே "கூடாரம்" என்று இருந்தது. ஒரே லாரியில் அறைக்காரர்களும் வருவார்கள், கூடாரக்காரர்களும் வருவார்கள், விலை வேறு வேறு. போதாததற்கு ஆளுக்கு 250 டாலர் அங்கேயே ரொக்கமாகக் கொடுக்க வேண்டுமாம், நுழைவுக் கட்டணங்களுக்கு. இந்த வழக்கம் பல ஓவர்லேண்ட் கம்பெனிகளில் உண்டு என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் தாளில் "எல்லாம் உட்பட" என்று இருந்தது. தரகரைக் கூப்பிட்டேன். "அண்ணா, சிஸ்டத்தில் பிழை, நீங்கள் கிளம்புங்கள், நாளைக்குள் மாற்றிவிடுகிறேன்" என்றார். லாரி இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, இருபது பேர் எங்களையே பார்க்கிறார்கள். 500 டாலரைக் கொடுத்துவிட்டு ஏறினோம்.

லாரிக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஓட்டுநரும் வழிகாட்டியும் தங்கமானவர்கள். நாங்கள் சைவம் என்றதும், மற்றவர்களுக்கு நெருப்பில் இறைச்சி வாட்டும் வேளையில் எங்களுக்கென்று பூசணியும் சோளமும் தனித் தட்டில் வைத்து வாட்டிக் கொடுத்தார்கள். பாத்திரம் கழுவுவது எல்லோர் பங்கும். கழுவிய தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது, கிருமி பரவுமாம், காற்றில் வீசி வீசி உலர்த்த வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பிடித்தே இருந்தது. ஆரஞ்சு ஆற்றங்கரையில் தங்கி, எல்லை தாண்டி, 160 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து கிடக்கும் பிஷ் ரிவர் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றோம். ஆனால் ராத்திரியில் குளிர் எலும்புக்குள் போனது. என் மனைவி தினமும் காலையில் என் கையைப் பிடித்துத்தான் கூடாரத்துக்குள்ளிருந்து எழுந்தாள். "எல்லா ராத்திரியும் கட்டில்" என்றவன் "நாளைக்குள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். (ஆமாம், இனிமேல் 'ன்'தான்.)

சோசுஸ்ஃபிளே மணல்மேடுகளுக்கு நுழைவாயிலான செஸ்ரியமில் மட்டும் ஒரு நல்லது நடந்தது. பூங்கா வெளிவாயிலுக்கு உள்ளே இருக்கும் முகாமில் தங்குபவர்களைச் சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள். வெளியே விடுதியில் தங்குபவர்கள் காத்திருக்க வேண்டும். அதனால் 45ஆம் எண் மணல்மேட்டில் ஏறி விடியலைப் பார்த்தோம். டெட்ஃபிளேயில் பல நூறு வருஷம் முன்பு செத்து, மக்காமல் கறுத்து நிற்கும் மரங்களையும் பார்த்தோம். லாரி போகாத கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு ஜீப், அதற்கும் தனிக் காசு.

அப்புறம் ஸ்வாகோப்மண்ட். பனிமூட்டம், ஜெர்மன்காரன் காலத்து வீடுகள், ஒரு சின்ன விடுதி. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வழிகாட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கள் பயணம் நாளையோடு முடிகிறது, இங்கிருந்து எப்படிப் போகிறீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் சிரித்தேன், விளையாடுகிறார் என்று. அவர் பட்டியலைக் காட்டினார். இந்தப் பயணங்களை லாரிக் கம்பெனிகள் துண்டு துண்டாகவும் விற்கிறார்கள். கேப் டவுன் முதல் ஸ்வாகோப்மண்ட் ஒரு துண்டு, ஸ்வாகோப்மண்ட் முதல் விக்டோரியா அருவி இன்னொரு துண்டு. எங்களிடம் முழுசுக்கும் அறையோடு பணம் வாங்கிய அந்த ஆள், முதல் துண்டை மட்டும், அதிலும் மலிவான கூடார விலையில், வாங்கியிருக்கிறான். எட்டோஷா, ஒகவாங்கோ, சோபே, அருவி எதற்குமே ஒரு பைசா கட்டவில்லை.

வழிகாட்டிக்கு எங்களைவிட முகம் செத்துவிட்டது. கம்பெனி அலுவலகத்துக்குப் பேசினார். இடம் காலியாக இருக்கிறது, ஆளுக்கு 1,900 டாலர் கட்டினால் தொடரலாம் என்றார்கள். 4,60,000 கட்டியவன் இன்னும் 3,800 டாலருக்கு எங்கே போவது? மறுநாள் லாரி எட்டோஷா பக்கம் கிளம்பிப் போனது. நாங்கள் வேன் பிடித்து விண்ட்ஹுக் வந்து, விக்டோரியா அருவியிலிருந்து ஏற வேண்டிய டிக்கெட்டை மாற்றுவதற்கு அதற்கும் தண்டம் அழுது ஊர் வந்தோம்.

இதற்கப்புறம் நடந்ததுதான் அதைவிட மோசம்.

தரகன் முதலில் குரல் செய்தி அனுப்பினான்: "அண்ணா, கவலையே வேண்டாம், கணக்குப் பிரிவு பார்க்கிறது." அடுத்து, போட்ஸ்வானா பக்கம் "தவிர்க்க முடியாத சூழ்நிலை" என்றான். என்ன சூழ்நிலை? எங்களோடு வந்தவர்கள் சோபே ஆற்றில் படகில் உட்கார்ந்து யானைக் கூட்டத்தைப் படம்பிடித்து எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்! அதை அவனுக்கு அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் நீல டிக்கும் நின்றது. புதிய எண்ணிலிருந்து என் மைத்துனன் வாடிக்கையாளர் மாதிரிப் பேசினான். உடனே எடுத்தான், "வணக்கம் அண்ணா" என்றான்.

இணையச் சந்தையின் அரட்டைப் பெட்டியில் முதலில் பேசியது இயந்திரம். அதைத் தாண்டி ஆளைப் பிடித்தால், "நாங்கள் இடையில் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, பயணம் வழங்கியவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்றார்கள். பயணம் வழங்கியவர் போனை எடுக்கவில்லை என்றால், "உங்கள் பொறுமைக்கு நன்றி." என்ன பொறுமை? யார் இவர்களிடம் பொறுமையாக இருந்தது? மேலதிகாரிக்கு அனுப்பினார்கள். அவர் சொன்னது இன்னும் அழகு: பணம் எங்கள் தளம் வழியாக வரவில்லை, நீங்கள் நேரடியாக அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் உத்தரவாதம் செல்லாது. அப்படியென்றால் உங்கள் முத்திரை போட்ட தாள் எப்படி வந்தது? அதற்குப் பதில் இல்லை. அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த பயணத்துக்கு!

விமர்சனமாவது எழுதுவோம் என்று போனால் எழுத விடவில்லை. பயணத்தை முடித்தவர்கள்தான் எழுதலாமாம். எங்கள் கணக்கில் இரண்டாம் பாதிக்கு நேரே என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? "பயணி வரவில்லை." நாங்கள் வரவில்லையாம். ஸ்வாகோப்மண்டில் பெட்டியோடு தெருவில் நின்றவர்கள் வரவில்லையாம். அந்த ஆளுக்கு இன்றைக்கும் அங்கே ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம். ஏன் இருக்காது, ஏமாந்தவன் எவனுக்கும் எழுத வழியில்லையே.

வங்கியில், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய வெளிநாட்டுப் பணத்தைத் திரும்ப இழுக்க முடியாது, கார்டாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டு மறுப்புக் கோரிக்கை போட்டிருக்கலாம் என்றார்கள். அந்த ஐந்து சதவீதத் தள்ளுபடி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. 1930க்கு அழைத்துச் சைபர் புகார் பதிவு செய்திருக்கிறோம். 4,60,000 ரூபாய் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேனே. இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். யார் என்ன தள்ளுபடி சொன்னாலும் கார்டில் மட்டும் கட்டுங்கள். உண்மையில் லாரி ஓட்டும் கம்பெனி எது என்று கேட்டு, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் நீங்களே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒவ்வொரு துண்டிலும் உங்கள் பெயர் இருக்கிறதா, கூடாரமா அறையா, அங்கே போய் ரொக்கம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். சங்கச் சின்னத்தைப் பார்த்து மயங்காதீர்கள், சங்கத்தின் சொந்த உறுப்பினர் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். கையில் கொண்டுபோகும் டாலர் நோட்டு புதியதாக இருக்கட்டும், பழையதைப் பல இடங்களில் வாங்குவதில்லை.

"அண்ணா, அண்ணி" என்று பேசி, வங்கி வழியாக அனுப்பினால் ஐந்து சதவீதம் குறைப்பேன் என்று சொல்லும் ஆளிடம் யாராவது இப்போது பேசிக்கொண்டிருந்தால் உடனே எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். அவன் கொடுத்த வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண்ணைச் சொன்னால் போதும், அதே கணக்குதானா என்று நான் சொல்கிறேன். ஏற்கெனவே கட்டியவர்களும் எழுதுங்கள், எல்லோருமாகச் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாம்.