மாரிக்குக் கள்ளிச்செடிகள்: மூடிய கூடாரமா, பக்கம் திறந்த கூரையா?

கள்ளியும் கற்றாழை வகைகளும் வளர்க்கிற வன்னிக்காரருக்குக் குளிர்காலம் என்பது ஐப்பசியில் தொடங்கித் தை வரை இழுக்கிற மாரிதான். இங்கிலாந்தில் இதே செடிகளை வளர்ப்பவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை தண்ணீரை நிறுத்தி, கண்ணாடிக் கூடத்தைச் சாத்தி, உள்ளே 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு உறைபனிப் பயம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மார்கழி விடியலில்கூட 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். செடியைக் கொல்வது இங்கே மழை. ஆகவே கூரை வேண்டுமா என்று யோசிக்கத் தேவையில்லை, சுவர் வேண்டுமா என்றுதான் யோசிக்க வேண்டும்.

நான் புளியங்குளத்தில் பக்கம் திறந்த கூரை போட்டிருக்கிறேன். அக்கா புதுக்குடியிருப்பில் மரக்கறிக்குப் போட்ட பொலித்தீன் கூடாரத்திலேயே கள்ளிச் சாடிகளையும் அடுக்கியிருக்கிறா. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பக்கச் சாய்வு இருக்கும், மறைக்கவில்லை.

செலவில் கூடாரம் மலிவு, கூரைக்குப் போடும் ஒளி ஊடுருவும் தகடு விலை கூட. சாரலைத் தடுப்பதில் கூடாரம் முன்னுக்கு நிற்கும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை.

எனக்கு முடிவைத் தந்தது காற்று. இரண்டு நாள் அடைமழை பெய்து ஓய்ந்த விடியலில் அக்காவின் கூடாரத்துக்குள் போனால் பொலித்தீனின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி கோத்திருக்கும். மடிப்பு உள்ள இடத்தில் துளிகள் சேர்ந்து, ஒரே இடத்தில் சொட்டும். கீழே இருக்கிற, ரோசாப்பூப் போல இலை அடுக்கிய எச்சிவேரியாவின் நடுக்குருத்தில் அந்தத் தண்ணீர் பத்து மணி வரை தேங்கி நிற்கும். வெளி மழை ஒரு சொட்டும் செடியில் படவில்லை, ஆனாலும் உள்ளே குருத்து அழுகுகிறது. பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும். மூடிய கூடாரம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறது. மதியம் மேகம் விலகி வெயில் எறித்தால் அதே இடம் வேகும். பக்கத்தைச் சுருட்டி விடலாம்தான், ஆனால் காலையில் சுருட்டி, மழை இருட்டினால் இறக்கி, பின்னேரம் திரும்பச் சுருட்டி என்று மாரி முழுக்க ஒராள் வீட்டில் நிற்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அது சரிவராது.

திறந்த கூரையில் வாடைக்காற்று சும்மா ஊடுருவிப் போகும். ஈரம் தங்காது, சாடி மண்ணும் விரைவாகக் காயும். சாரலுக்கு நான் செய்தது, வடக்கும் கிழக்கும் தாழ்வாரத்தை மூன்று அடி நீட்டி இறக்கியதுதான். அந்த ஓரத்தில் நனைந்தாலும் தாங்குகிற முள்முடிச் செடி, சான்செவீரியா. நடுவில் மமிலேரியா, அஸ்ட்ரோபைட்டம் போன்ற, ஈரம் தாங்காத உருண்டைக் கள்ளிச் செல்லப்பிள்ளைகள். 2020 டிசம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரேவி மாதிரிப் புயல் வருகிறது என்றால் தாழ்வாரம் போதாது. அன்றைக்குச் சாடிகளை விறாந்தைக்குத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. புயலில் பொலித்தீனும் கிழிந்துதான் போகும்.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் வன்னியில் கூரைக் கதை முடியாது. பாலை மரத்திலிருந்து ஒரு குதி, பொலித்தீன் போச்சு. ஊதாக்கதிர் தாங்கும் 200 மைக்ரோன் பொலித்தீன் என்றாலும் நகத்துக்கு நிற்காது. ஒட்டுப்போட்ட இடத்தில் மழைநீர் குழி கட்டி, பாரத்தில் இன்னும் கிழியும். தகட்டுக்குக் கீழ்ச் சட்டங்களை நெருக்கமாக வைத்ததால் என்னுடையது இதுவரை தப்பியிருக்கிறது. நாலைந்து மாரிக்குப் பிறகும் வெடிக்காமல் நிற்குமா என்பதற்கு என் கூரைக்கு இன்னும் வயது போதாது. வருடம் ஒருமுறை, மாரிக்கு முன், பாசியைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் முகில் மூடிய நாட்களில் வெளிச்சம் பத்தாமல் கள்ளி வெளிறி, மெலிந்து மேலே இழுக்கும். கோடைக்குக் கட்டிய கறுப்பு நிழல்வலையையும் அப்போதே கழற்றிவிடுங்கள். தையில் வெயில் ஏறும்போது ஒரேயடியாக வெளியே வைத்தால் தோல் வெந்துவிடும், அது வேறு.

தண்ணீர் விடுவதற்கு இரண்டு இடத்திலும் ஒரே பரிசோதனைதான். ஒரு தென்னை ஈர்க்கைச் சாடியின் அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் விட வேண்டாம். இலை கொட்டிய அடீனியத்துக்கு (பாலைவன ரோசா) பாவம் பார்த்து ஊற்றுவதுதான் அதன் கிழங்கை அழுக வைக்கும். கலவையில் தும்புத்தூளைக் குறைத்து ஆற்றுமணல், உடைத்த செங்கல், எரித்த உமி கூட்டினால் கூடாரத்திலும் ஓரளவு தப்பலாம்.

ஒன்றில் அக்கா வெல்கிறா. விதை போட்டு முளைக்க வைப்பதற்கு அந்த ஈரக் காற்று நல்லது, என் கூரைக்குக் கீழே முளை காய்ந்துவிடுகிறது. கூழாங்கல் போலத் தோன்றும் லித்தொப்ஸ் செடியை நான் வளர்த்ததில்லை, அதைப் பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஏற்கெனவே கூடாரம் இருப்பவர்கள் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. நீளப் பக்கம் இரண்டிலும் இடுப்பளவு உயரத்துக்குப் பொலித்தீனை நிரந்தரமாக வெட்டி எடுத்து, அங்கே கோழிக்கூட்டுக் கம்பிவலை அடியுங்கள். சாடிகளைத் தரையில் வைக்காமல் பலகைத் தட்டில், வெட்டிய மட்டத்துக்கு நேரே காற்றுப் படும்படி வையுங்கள். ஓரத்தில் இரண்டு அடி இடைவெளி விட்டால் சாரலும் அவ்வளவாக எட்டாது.