அளவுநாடா இல்லாமல் வந்தவரிடம் 5,400 டொலர் கொடுத்தேன்

நவம்பர் பிறந்தால் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள கோல்ஃப் மைதானங்கள் கொடிகளைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடும். மறுபடி புல்லில் கால் வைக்க ஏப்ரல் ஆகிவிடும். அந்த மாதங்களில் கை ஊறிக்கொண்டிருக்கும் ஆட்களில் நானும் ஒருவன். திரையில் தெரியும் மைதானத்தை நோக்கி அறைக்குள்ளேயே பந்தடிக்கும் சிமுலேட்டர் கூடங்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அலுத்த பிறகு, வீட்டு நிலவறையிலேயே ஒன்று கட்டிவிடலாம் என்று தீர்மானித்தேன். ஒதுக்கியது 5,000 டொலர். மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: மூலையில் இருக்கும் பெரிய ஃப்ரீசரை யாரும் தொடக்கூடாது.

பொருத்திக் கொடுப்பவரை ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர் அறிமுகம் செய்து வைத்தார். எங்கள் ஆள், எங்கள் மொழி. வீட்டுக்கு வந்தார், தேநீர் குடித்தார், கைபேசியில் பதினைந்து காணொளி காட்டினார். நிலவறையில் இறங்கிக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அண்ணை, ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள். இதைவிடச் சின்ன இடத்திலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்” என்றார். அவர் சட்டைப்பையில் அளவுநாடா இல்லை. என் வீட்டு மேசை இழுப்பறையில் இரண்டு இருந்தன, நானும் எடுக்கவில்லை.

திரை, சட்டகம், விரிப்பு, புரொஜெக்டர், பந்தின் வேகத்தையும் கோணத்தையும் கணிக்கும் லோஞ்ச் மொனிட்டர், மென்பொருள், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 5,400 என்றார். இன்றைக்கே முழுவதையும் அனுப்பினால் மொத்த வியாபாரியிடம் கழிவு கிடைக்குமாம். வங்கிக் கணக்கிலிருந்து இணையவழி இ-டிரான்ஸ்ஃபர் செய்தேன். அவர் கணக்கில் தானியங்கி வைப்பு இருந்ததால் பணம் அந்த நிமிடமே போய்ச் சேர்ந்தது. அப்படிப் போன பணத்தை நாம் நினைத்தபடி திருப்பி எடுக்க வழியில்லை. பதிலுக்கு எனக்குக் கிடைத்த பற்றுச்சீட்டு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். தொகை இருந்தது, எந்தப் பொருள், என்ன மாதிரி, புதிதா பழையதா என்று ஒரு வரியும் இல்லை.

முதலில் உயரத்தைச் சொல்கிறேன். என் நிலவறையின் உயரம் 7 அடி 9 அங்குலம். நடுவில் வெப்பக் குழாய் போகும் பெட்டி இறங்கித் தொங்குவதால், அதன் கீழே தரையிலிருந்து 6 அடி 8 அங்குலம்தான். தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டை ஏறக்குறைய 45 அங்குல நீளம். என்னைப் போல 5 அடி 10 அங்குல ஆள் அதை முழுதாகச் சுழற்றக் குறைந்தது 9 அடியாவது வேண்டும். பயமில்லாமல் ஆட 10 அடி. இதைக் கண்டுபிடிக்க வல்லுநர் தேவையில்லை. மட்டையைக் கையில் எடுத்து, மெல்ல ஒருமுறை சுழற்றிப் பார்த்தாலே கூரை பதில் சொல்லிவிடும். நான் சுழற்றிப் பார்த்தது எல்லாம் பொருத்தி முடித்து அவர் போன பிறகு. கூரையின் ஜிப்சம் பலகையில் பிறை வடிவில் ஒரு கீறல் விழுந்தது.

அடுத்தது நீளம். அவர் கொடுத்த லோஞ்ச் மொனிட்டர் ராடார் வகைக் கருவி. அது பந்துக்குப் பின்னால் ஆறு முதல் எட்டு அடி தள்ளி நிற்க வேண்டும். பந்து திரையைத் தொடுமுன் இன்னும் எட்டடியாவது பறக்க வேண்டும். திரைக்குப் பின்னால் சுவர் வரை ஓரடி இடைவெளியும் சேர்த்தால் பதினைந்து அடிக்குக் கீழே கதையே இல்லை. என் அறை பதின்மூன்று அடி. அவர் கருவியை நாலடியில் வைத்து, பந்தை ஏழடியில் வைத்து, திரையைச் சுவரை ஒட்டினாற்போல் நிறுத்திக் கணக்கை முடித்துவிட்டார். விளைவு: ஏழாம் இரும்பு மட்டையில் வழக்கமாக 140 யார் (கெஜம்) தூரம் அடிக்கிறவன் நான். கருவி ஒரு முறை 96 என்றது, அடுத்த அடிக்கு 171 என்றது. என் ஆட்டம் மோசம்தான், ஆனால் அவ்வளவு மோசமில்லை. கமரா வகைக் கருவியாக இருந்திருந்தால் பந்தின் பக்கத்திலேயே வைத்திருக்கலாம், பின்னால் இடம் தேவைப்பட்டிருக்காது. விலை கூடும். என் மகன் இடக்கையன், அவன் முறை வரும்போது எடுத்து மறுபக்கம் வைக்க வேண்டியிருக்கும். அந்தத் தொல்லையை நான் மகிழ்ச்சியோடு ஏற்றிருப்பேன்.

திரைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கேட்கச் சிறியதாகத் தெரியும். டிரைவரில் அடித்தால் சாதாரண ஆட்டக்காரருடைய பந்தே மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் புறப்படும். அதைத் தாங்க, பல அடுக்காக நெய்த பொலியெஸ்டர் திரையை நெகிழும் கயிறுகளில் சற்றுத் தொய்வாகத் தொங்கவிட வேண்டும். பந்து பட்டதும் துணி பின்வாங்கி வேகத்தை விழுங்கும். எனக்கு வந்ததோ ஜன்னலுக்குப் போடும் இருட்டுத்துணி போன்ற ஒற்றை அடுக்கு. மரச்சட்டத்தில் இழுத்து, மேளத் தோல் போல விறைப்பாக ஆணியடித்திருந்தார். சுவருக்கும் அதற்கும் மூன்று அங்குலம்.

முதல் பந்தை அடித்தேன். ‘டம்’ என்ற சத்தம் கேட்டது. அதே மூச்சில் என் இடது முழங்காலை உரசிக்கொண்டு ஏதோ பறந்தது. பின்னால் உலோகம் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் ஃப்ரீசர் கதவில் அரைக் கைப்பிடி அளவுக்குக் குழி. மனைவி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை. இறங்கி வந்து கதவைத் திறந்து, கணவாயும் ஒடியல் மாவும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போய்விட்டார். ஓர் அடி மேலே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு படுக்கையில்தான் யோசித்தேன்.

மற்றவை சில்லறை. விரிப்பு என்று வந்தது, மெல்லிய ரப்பரில் ஒட்டிய செயற்கைப் புல். கீழே சிமெந்துத் தரை. மூன்று வாரத்தில் முழங்கை வலி. புரொஜெக்டர் கிட்ட இருந்தே பெரிய படம் காட்டும் வகை அல்ல. எனக்குப் பின்னால் மாட்டியிருந்தார். திரையில் கலிபோர்னியாவின் பெயர்பெற்ற பெப்பிள் பீச் மைதானத்தின் ஏழாவது குழி, 106 யார், அப்பால் பசிபிக் கடல். நடுவில் என் தலையின் நிழல். மென்பொருள் அவருடைய சொந்தக் கணக்கில் போட்ட சோதனைப் பதிப்பு, இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. ஆண்டுச் சந்தா தனி என்பதையும், நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும் என்பதையும் அதன் பிறகுதான் சொன்னார்.

கருவி மக்கர் செய்கிறதென்று தயாரிப்பாளரை அழைத்துத் தொடர் இலக்கத்தைச் சொன்னேன். அது முன்பே வேறொருவருக்கு விற்கப்பட்டது, உத்தரவாதம் முடிந்து நான்கு மாதம் என்றார்கள். பெட்டியில் ஒட்டியிருந்த புது டேப்பை நம்பியவன் நான்.

அவரை அழைத்தால் முதலில் “வருகிறேன் அண்ணை”, பிறகு “இந்த வாரம் கொஞ்சம் கரைச்சல்”, பிறகு மணி மட்டும் அடித்தது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பற்றி அலுவலக நண்பர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை வீட்டுக்கு வந்து பேசி முடித்திருந்தால், எழுத்துப் பிரதி கிடைத்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். சட்டம் கேட்கும் விவரங்களோடு பிரதி தரவே இல்லையென்றால் ஓர் ஆண்டு வரை அவகாசம் உண்டு. விவரமே இல்லாத அந்த வாட்ஸ்அப் படம் அப்போது எனக்கு உதவியது. பதிவுத் தபாலில் ரத்துக் கடிதம் அனுப்பினேன். 1,500 டொலர் வந்தது, பிறகு என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். மீதிக்குச் சிறு வழக்கு நீதிமன்றப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

திரையைக் கழற்றியாகிவிட்டது. இப்போது ஒரு நல்ல வலை, தடித்த விரிப்பு, பக்கத்தில் பழைய தொலைக்காட்சி. குட்டை இரும்பு மட்டைகளோடு அரைச் சுழற்சி மட்டும். தொடக்கத்தில் இதையே செய்து, மிச்சக் காசை நல்ல கமரா வகைக் கருவிக்குச் சேர்த்திருந்தால் 5,000 தாராளம். படம் காட்டுவது கடைசியில் வர வேண்டிய செலவு. நான் அதைப் பார்த்துத்தான் மயங்கினேன்.

சென்ற வாரம் அவருடைய புதிய விளம்பரத்தை ஒருவர் அனுப்பினார். “அண்மையில் நிறைவு செய்தது” என்று போட்டிருக்கும் படம் என் நிலவறை. திரையில் பச்சைப் புல்வெளி, இடது ஓரத்தில் ஒரு வெள்ளை ஃப்ரீசர், அதன் மேலே பிள்ளையார் நாட்காட்டி. கதவில் குழி இல்லை, முதல் பந்து அடிப்பதற்கு முன் எடுத்தது. அந்தப் படத்தை யாராவது உங்களுக்குக் காட்டினால், தேநீர் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.