ஐந்துக்கு ஆறு என்று எழுதிய மேசை

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "இரண்டு ரிசார்ட் கேசினோவிலும் வருடக்கணக்கில் ஆடியிருக்கிறீர்கள். முதல்முறையாக பிளாக்ஜாக் ஆட எங்கே போகலாம்?" தொலைபேசியில் சொல்லத் தொடங்கினேன், குரல் ஏறிவிட்டது. அதனால் எழுதுகிறேன். ஆட்டம் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுவதால், சீட்டுகளின் கூட்டல் 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தும் கணக்கை விளக்கப் போவதில்லை.

பெயர்கள் வேண்டாம். பெரியது, பழையது என்றே வைத்துக்கொள்வோம்.

பெரியதில் ஏழு ஆண்டுகள் ஆடினேன். அங்கே குறைசொல்ல ஒன்றுமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்காத நாற்காலி. புகை கிடையாது. கேசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலர், 17 சேர்ந்ததும் அடுத்த சீட்டு எடுக்காமல் நின்றுவிடுவார், ஏஸும் ஆறும் சேர்ந்த 17 ஆனாலும் சரி. ஜோடியைப் பிரித்த பிறகும் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். டீலரின் 10-க்கு எதிரே நம் கையில் 16 வந்து மாட்டிக்கொண்டால், பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகலாம். காலை வேளையில் வரும் ஒரு டீலர் அம்மாவை மறக்க முடியாது. நான் யோசிக்கும்போது உள்ளங்கையை மேசை மீது விரித்து வைத்து, என் விரல் துணியைத் தட்டும்வரை அசையாமல் காத்திருப்பார். அவசரப்படுத்தும் ஒரு பார்வைகூட இருக்காது. அந்தப் பொறுமைக்காகவே எத்தனையோ காலைகள் அங்கே போயிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் 10 சில்லு வைத்தேன். ஏஸ் விழுந்தது, அடுத்து ஜாக்கி: முதல் இரண்டு சீட்டிலேயே 21. பிளாக்ஜாக். 15 சில்லுக்காகக் கை தானாக நீண்டது. டீலர் ஒரு பத்துச் சில்லையும் இரண்டு ஒற்றைச் சில்லுகளையும் வைத்துவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டார். தவறிப்போய் வைத்துவிட்டார் என்று நினைத்துக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவரின் கோப்பையைச் சற்று நகர்த்தி, துணியில் வளைவாக அச்சிட்டிருந்த எழுத்தைக் காட்டினார். அதே மஞ்சள் நிறம், அதே அளவு. இரண்டுக்கு மூன்று என்று இருந்த இடத்தில் ஐந்துக்கு ஆறு என்று இருந்தது. மேசைத் துணியையே மாற்றியிருக்கிறார்கள்! வாசலில் ஓர் அறிவிப்பு இல்லை, வருடக்கணக்காக வருபவரிடம் ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து இளைஞர் என்னைத் தேற்றுகிற மாதிரி, "ஆறு பெரிய எண்தானே சார், நல்லதுதானே?" என்றார். அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோபம் முற்றியது. அவரைப் போன்றவர்கள் அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே வந்த எண் அது.

இது அந்த ரிசார்ட் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. லாஸ் வேகாஸில் 2000-களின் தொடக்கத்தில், ஒரே ஒரு சீட்டுக்கட்டால் ஆடும் மேசை என்று ஆசைகாட்டி அதில் இந்த விகிதத்தை நுழைத்தார்கள். பிறகு ஆறு கட்டு, எட்டுக் கட்டு மேசைகளுக்கும் பரவிவிட்டது.

மூன்று சில்லுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு முறையும் 10-க்கு 3 போனால், கேசினோவின் சாதகம், அதாவது பந்தயத்தில் சராசரியாக அதன் கைக்குப் போகும் பங்கு, சுமார் 1.4 சதவீதம் கூடுகிறது. நல்ல விதிகள் உள்ள மேசையில், சரியாக ஆடுபவருக்கு எதிராக அந்தச் சாதகம் மொத்தமே அரை சதவீத அளவில்தான் இருக்கும். இப்போது ஏறக்குறைய நான்கு மடங்கு. 1956-ல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கணக்குப்பொறிகளை வைத்துப் பாடுபட்டு, எந்தக் கைக்கு எப்படி ஆட வேண்டும் என்ற அடிப்படை முறையை வெளியிட்டார்கள். அதை முழுக்க மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் பிளாக்ஜாக் விழுந்த கையில் ஆட ஒன்றுமே இல்லையே. எந்தத் திறமையாலும் அந்த மூன்று சில்லை மீட்க முடியாது.

இனி பழையதைப் பற்றி. அங்கே கூரை தாழ்வு. புகை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். இரண்டு நாற்காலிகளில் ஒன்று ஆடும். டீலர்களுக்குச் சிரிக்க நேரமில்லை. விதிகளும் ஒரு படி கீழேதான்: ஏஸோடு ஆறு வந்தால் டீலர் இன்னொரு சீட்டு எடுப்பார், அதில் நமக்கு 0.2 சதவீதம் நட்டம். விட்டுக்கொடுத்து விலகும் வசதி இல்லை, அது 0.1-க்கும் குறைவு. இரண்டையும் கூட்டினாலும் 0.3-ஐத் தாண்டாது. ஆனால் பிளாக்ஜாக் வந்தால் 10-க்கு 15. இன்றுவரை மாற்றவில்லை. பெரிய ரிசார்ட்டின் நல்ல விதிகள் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒன்றை ஈடுகட்டவில்லை என்ற விடை, எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் மாறவில்லை.

கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையதில் ஏழு இடமும் நிரம்பித்தான் இருக்கும், மணிக்கு ஐம்பது அறுபது ஆட்டம் நகர்ந்தால் அதிகம். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் சாதகம் கேசினோ பக்கம் இருக்கும்போது ஆட்டம் மெதுவாகப் போவது நமக்கு லாபம். பெரியதில் தனியாக உட்கார்ந்தால் மணிக்கு இருநூறைத் தாண்டிவிடும். இப்போது ஓயாமல் சீட்டைக் கலைக்கும் இயந்திரமும் வந்துவிட்டதால், கலைக்கும்போது கிடைத்த மூச்சுவிடும் நேரமும் போய்விட்டது.

எங்கே போனாலும், டீலரிடம் ஏஸ் தெரியும்போது அவருக்குப் பிளாக்ஜாக் வரும் என்று தனியாகப் பந்தயம் கட்டும் காப்பீட்டை எடுக்க வேண்டாம். ஆறு கட்டில் அதன் நட்டம் 7 சதவீதத்துக்கு மேல். பக்கப் பந்தய வட்டங்களையும் தொட வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால், வசதியில், மரியாதையில், சுத்தத்தில் பெரியதற்குப் பக்கத்தில் பழையது நிற்கவே முடியாது. இருந்தும் நண்பருக்கு நான் சொன்னது பழையதைத்தான். பெரியதில் கடைசியாக ஆடிய அன்று நான் 40 சில்லு ஜெயித்துத்தான் எழுந்தேன். அந்த டீலர் அம்மா வாழ்த்துச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். அன்று நான்கு பிளாக்ஜாக் வந்திருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த 40 நினைவில் இல்லை, வராமல் போன 12-தான் இருந்தது. அதன்பிறகு அங்கே போகவில்லை.