குறுந்தகடா, சந்தாச் சேவையா?

1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகட்டைக் கடையில் விலை கொடுத்து வாங்குவதற்கும், மாதச் சந்தா கட்டிச் செயலியில் பாடல் கேட்பதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு உடைமையில் இருக்கிறது. வாங்கிய தகட்டை யாரும் திரும்பக் கேட்க முடியாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், வேண்டாமென்றால் விற்கலாம். செயலியிலோ உரிமை ஒப்பந்தம் உள்ளவரைதான் பாடல் இருக்கும். ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலி 2019-இல் இந்தியாவுக்கு வந்த சில மாதங்களிலேயே, பழைய தமிழ்த் திரைப்பாடல்கள் பலவற்றின் உரிமையை வைத்திருக்கும் சரிகம நிறுவனத்தின் தொகுப்பு அதிலிருந்து விலகி, 2020-இல்தான் திரும்பியது என்பதை நினைத்தால், நாம் கட்டுவது வாடகை என்பது தெளிவாகும்.

ஒலித்தரத்தில் முன்பிருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. தகட்டுக்கு நிகரான இழப்பில்லா ஒலியை, அதாவது கோப்பைச் சுருக்கும்போது எந்த விவரமும் தொலையாத ஒலியை, பல செயலிகள் தருகின்றன.

கலைஞருக்குச் சேரும் பணம்தான் எனக்குக் கவலையளிக்கிறது. தகடு விற்றால் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்குண்டு. சந்தாச் சேவைகள் பெரும்பாலும் வருவாயை ஒன்றாகத் திரட்டி, மொத்தக் கேட்புகளின் விகிதப்படி பிரிக்கின்றன; ஆகவே ஒரு நாகஸ்வரக் கலைஞரை மட்டுமே நாள்தோறும் கேட்பவர் கட்டிய பணத்திலும் பெரும்பகுதி, அதிகம் கேட்கப்படும் திரைப்பாடல்களுக்கே போய்ச் சேருகிறது.

இருந்தும், தேடிக் கண்டடைவதில் செயலிக்கு இணையில்லை. தகட்டை இயக்கும் கருவியும் இன்று பல வீடுகளில் இல்லை. அன்றாடக் கேட்புக்குச் சந்தாவையும், இழக்க மனமில்லாத இசைக்குத் தகட்டையும் நான் தேர்ந்தெடுப்பேன். கச்சேரி முடிந்ததும் அரங்க வாசலில் கலைஞரிடமே தகடு கிடைத்தால், அதையே முதலில் வாங்குவேன்.