எச்சரிக்கை: ரெக்கவரி வண்டிக்குப் புது டயர் என்று பூட்டப்படும் ரீட்ரெட் டயர்கள்

மாதவரத்திலும் மணலியிலும் எண்ணூரிலும் பழுதாகி நின்ற வண்டிகளைத் தூக்கிச் செல்லும் ரெக்கவரி வண்டி வைத்துப் பிழைக்கும் நம் தொழில்காரர்கள், பின் ஆக்சிலுக்கு டயர் மாற்றும்போது வெளியே தெரியும் டயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஜி.என்.டி. சாலையை ஒட்டிய ஒரு டயர் கடையில், நான்கு புது டயர்களுக்கான விலையை என்னிடம் வாங்கிக்கொண்டு, வெளிச்சக்கரங்கள் இரண்டிலும் நான்கரை ஆண்டுகள் கிடந்த பழைய சரக்கையும், உள்சக்கரங்கள் இரண்டிலும், தேய்ந்த பழைய டயரின் மேல் புதுப் பட்டை போட்டு ரீட்ரெட் செய்த டயர்களையும் பூட்டி அனுப்பினார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் கையாண்ட முறையை விளக்கமாகச் சொல்வதற்குத் தடை எதுவும் இல்லை.

என்னுடையது காரை மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் தளம் பொருத்திய ஆறு சக்கர வண்டி; பின் ஆக்சிலில் பக்கத்துக்கு உள்ளும் வெளியுமாக இரட்டைச் சக்கரம். பின்னால், இன்னொரு வண்டியின் சக்கரங்களைத் தூக்கி இழுத்துவரும் வீல் லிஃப்டும் உண்டு. டயர் அளவு 8.25 ஆர் 16, வலிமையைக் குறிக்கும் பிளை எண் பதினாறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, தெருத்தெருவாக நின்றுபோன கார்களைத் தூக்கிச் சர்வீஸ் சென்டர்களில் கொண்டுபோய் இறக்கும் வேலை வாரக்கணக்கில் ஓயாமல் இருந்தது. அந்த ஓட்டத்திலேயே பின் டயர்களின் பட்டன், அதாவது தரையில் படும் மேடுபள்ளமான பகுதி, தேய்ந்து, தேய்மான அளவுக் குறி வரைக்கும் வந்துவிட்டது. மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் தவிர மற்ற வண்டிகளின் டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பதால், அடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்று) வரை தள்ளிப்போட இடமில்லாமல் 2024 தொடக்கத்தில் நான்கையும் ஒன்றாக மாற்ற முடிவு செய்தேன்.

எந்த மாதிரி டயர் வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. ரெக்கவரி வண்டியின் வேலை தொலைதூரம் ஓடும் லைன் லாரியின் வேலையைப் போன்றதன்று. போகும்போது காலியாகவும் வரும்போது பாரத்தோடும் ஓடும். ஒரு மணி நேரம் வெளிவட்டச் சாலையில் வேகமாகப் போய்விட்டு, அடுத்த மணி நேரம் யாரோ ஒருவருடைய காலி மனையின் சேற்றில் இறங்கும். குறுகிய தெருவில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்துத் திருப்பும்போது பின் டயர்கள் தரையில் அரைபட்டுத் தேயும். சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கமோ கன்டெய்னர் யார்டு பக்கமோ போனால் தகட்டுத் துண்டும் ஆணியும் இல்லாத இடமே கிடையாது. ஆகவே முன்னால் நீளவாக்கில் பள்ளம் ஓடும் ரிப் டயரும், பின்னால் நடுவில் ரிப் போலவும் ஓரங்களில் குறுக்குக் கட்டைகள் கொண்ட லக் போலவும் அமைந்த செமி லக் டயரும்தான் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். பின்னால் முழு லக் போட்டால் சேற்றில் நன்றாக இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தார்ச்சாலையில் சத்தமும் சூடும் கூடுதல், தேய்மானமும் ஒரு சீராக இருக்காது.

பட்டன் வடிவத்தைக் காட்டிலும் முக்கியமானது பாரக் குறியீடு. டயரின் பக்கவாட்டில் 128/126 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். 128 என்றால் ஒற்றைச் சக்கரமாகப் பூட்டும்போது ஒரு டயர் 1,800 கிலோ தாங்கும். 126 என்றால் இரட்டைச் சக்கரமாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 1,700 கிலோ தாங்கும். அதே அளவிலேயே 126/124 என்று குறித்த டயரை உங்கள் தலையில் கட்டினால் இரட்டையில் 1,600 கிலோதான். நான்கு டயருக்கும் சேர்த்து 400 கிலோ தாங்கும் திறன் போய்விடும். ‘காரின் எடையே அவ்வளவுதானே, இதில் என்ன இருக்கிறது’ என்று கடைக்காரர்கள் சமாதானம் சொல்வார்கள். வீல் லிஃப்டின் கணக்கு அவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரியாதது போல இருப்பார்கள். லிஃப்டில் ஏறும் எடை 800 கிலோ, அது தொங்கும் இடம் பின் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால், இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பின் ஆக்சிலில் கூடுவது 1,200 கிலோ. முன் ஆக்சிலில் 400 கிலோ குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். தூக்கிய எடையைப் போல ஒன்றரை மடங்கு பின் டயர்களின் மேல்தான் உட்காருகிறது.

இவ்வளவையும் சொல்லித்தான் டயர் கேட்டேன். கடைக்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார். பார்கோடு ஸ்டிக்கர் கிழியாத, ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு செமி லக் டயரை உருட்டிவந்து காட்டினார். குறியீடு சரியாக இருந்தது, தயாரிப்புத் தேதியும் சில மாதங்களுக்கு முந்தையதுதான். மீதி மூன்றும் குடோனில் இருப்பதாகவும், மாலைக்குள் பூட்டித் தருவதாகவும் சொல்லி, எஸ்டிமேட் சீட்டில் ‘8.25-16 நியூ 4’ என்று கையால் எழுதி முன்பணம் வாங்கினார். ஜி.எஸ்.டி. பில் பிறகு வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இருட்டிய பிறகு என் டிரைவர் வண்டியை எடுத்துவந்தபோது வெளிச்சக்கரங்கள் பளபளவென்று இருந்தன.

வண்டி ஓடியது. கத்திரி வெயில் நேரத்தில் ஒரு நாள், மீஞ்சூரிலிருந்து வண்டலூர் போகும் வெளிவட்டச் சாலையில், மேலே ஒரு காரை ஏற்றிக்கொண்டு வரும்போது இடதுபக்க உள் டயரின் பட்டை முழுவதும் உரிந்து, மட்கார்டைப் பிய்த்து, ஹைட்ராலிக் குழாயையும் அறுத்துவிட்டது. பின்னால் இரு சக்கர வண்டி எதுவும் வராததால் யாருக்கும் காயமில்லை. வண்டியை ஓரம் கட்டி, தெரிந்த பஞ்சர் கடைக்காரரை வரவழைத்துக் கழற்றியபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. அவர் உரிந்த டயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது பட்டை ஒட்டுன டயரு. பக்கத்துல கறுப்பு பெயின்ட் அடிச்சிருக்கான் பாருங்க,” என்றார். வலதுபக்க உள் டயரையும் கழற்றச் சொன்னேன். அதுவும் அதே ரகம்.

தேதியை மறைத்த விதம்தான் இந்த மோசடியின் மையம். டயரின் தயாரிப்புத் தேதி நான்கு இலக்க எண்ணாக இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 3119 என்றால் 2019-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். இந்த எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். வெளி டயரை அந்தப் பக்கம் உள்நோக்கியும், உள் டயரை அந்தப் பக்கம் வெளிநோக்கியும் பூட்டினால், இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நடுச்சந்தில் ஒளிந்துகொள்ளும். நின்று பார்த்தாலும் தெரியாது, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாலும் தெரியாது. என் வண்டியில் இரண்டு பக்கமும் அப்படித்தான் பூட்டியிருந்தார்கள். நான்கு டயரும் தற்செயலாக அப்படி அமைந்தன என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு நான் தயாராக இல்லை. வெளி டயர்கள் இரண்டிலும் 3119 என்று இருந்தது. உள் டயர்களில் அந்த எண் இருந்த இடம் தேய்த்து மழுங்கடிக்கப்பட்டிருந்தது.

ரீட்ரெட் டயரே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. திருவொற்றியூரில் 1946-இல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952-இல் கையில் எடுத்ததே ரீட்ரெட் செய்வதற்கான டிரெட் ரப்பரைத்தான். டயர் தயாரிப்பு அதற்குப் பிறகு வந்தது. நல்ல கேசிங்கை, அதாவது பட்டைக்கு அடியில் இருக்கும் பழைய டயரின் உடலை, தேர்ந்தெடுத்து, ஒழுங்கான பட்டறையில் பட்டை போட்டு, ரீட்ரெட் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான சரக்கு. எத்தனையோ லாரிகளும் பேருந்துகளும் அதில்தான் ஓடுகின்றன. எனக்குப் பூட்டியது கேசிங் வயது தெரியாத டயர், அதுவும் புது டயர் விலைக்கு, அதுவும் உள்சக்கரத்தில். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால் இரட்டைச் சக்கரத்தில் உள் டயருக்குத்தான் பாரம் கூடுதலாக விழுகிறது. பிரேக் டிரம்முக்கு அருகில் இருப்பதாலும் காற்றோட்டம் குறைவாக இருப்பதாலும் சூடும் அதற்கே அதிகம். ஜோடியில் விட்டம் ஒத்துப்போகாவிட்டால் பெரிய டயர் பாரத்தைத் தாங்க, சிறிய டயர் இழுபட்டுத் தேயும். நான்கு டயர்களில் அதிகம் உழைக்கவேண்டிய இரண்டு இடங்களைத் தேடிப்பிடித்து அங்கே மட்டமான சரக்கை வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டபோது உரிமையாளர் குரலை உயர்த்தவே இல்லை. “பில்லைப் பாருங்க சார்,” என்று மட்டும் சொன்னார். வாட்ஸ்அப்பில் வந்திருந்த பில்லில் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டிலும் ‘டயர் 8.25-16, எண்ணிக்கை 2’ என்றே இருந்தது, ஒன்றின் எச்.எஸ்.என். எண் (ஜி.எஸ்.டி.க்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) 4011, மற்றொன்றின் எண் 4012. புதிய காற்றடைத்த டயருக்கு 4011. ரீட்ரெட் செய்த அல்லது பயன்படுத்திய டயருக்கு 4012. ரீட்ரெட் என்ற சொல்லை எங்கும் எழுதாமல், சட்டத்துக்குப் பதில் சொல்ல மட்டும் அந்த எண்ணைப் போட்டிருந்தார்கள். விலை வித்தியாசத்தை ட்யூப், ஃபிளாப், பூட்டுக்கூலி என்று கீழே சேர்த்து, மொத்தத் தொகையை எஸ்டிமேட்டோடு சரிக்கட்டியிருந்தார்கள். அப்போது புது டயருக்கு 28 விழுக்காடும் ரீட்ரெட்டுக்கு 18 விழுக்காடும் ஜி.எஸ்.டி. என்பதால், வரி விகிதத்தைப் பார்த்தாவது கண்டுபிடிக்க வழி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கும் 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இனி அந்த வழியும் இல்லை, எச்.எஸ்.என். எண் ஒன்றுதான் அடையாளம்.

கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன், நான் வெளியே வந்தபோது, “எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுவாங்க, உள்ள யாரு பாக்கப் போறா,” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவன். டயர் கம்பெனியின் பிரதிநிதி வந்து பார்த்தார். ரீட்ரெட் டயர்களுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்று அவர் சொன்னது நியாயமே. வெளி டயர்கள் தங்கள் தயாரிப்புதான் என்பதையும், தயாரிப்பு வாரத்தையும் எழுத்தில் கொடுத்தார். அந்தக் கடிதமும், ‘நியூ 4’ என்று கடைக்காரர் கைப்பட எழுதிய எஸ்டிமேட் சீட்டும்தான் இப்போது என் புகாரின் முக்கிய ஆதாரங்கள்.

வண்டி வணிகத்துக்கானது, ஆகவே நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று கடைக்காரரின் வக்கீல் முதல் பதிலிலேயே எழுதியிருந்தார். இந்தப் பதிலைக் கேட்டுப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையிலேயே, சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கும் பொருள் வணிக நோக்கமாகக் கருதப்படாது என்ற விளக்கம் உள்ளது. ஒற்றை வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மேலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை.

இப்போது நான் டயர் வாங்கும் முறை கடைக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை. ரிம்மில் ஏற்றும் முன்பே ஒவ்வொரு டயரின் நான்கு இலக்கத் தேதியையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் படம் எடுக்கிறேன். வணிக வண்டி டயருக்கான இந்தியத் தரநிலை எண் ஐ.எஸ். 15636. முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துடையது என்று வந்துவிடும். பட்டையும் பக்கவாட்டும் சேரும் தோள் பகுதியில் சுற்றிலும் கோடு ஓடுகிறதா, பட்டையின் குறுக்கே எங்காவது இணைப்பு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். முன்பே தயாரித்த பட்டையை ஒட்டும் கோல்டு முறையில் இந்த இரண்டும் இருக்கும். அச்சில் வேகவைக்கும் ஹாட் முறையில் இணைப்பு தெரியாது, ஆகவே பக்கவாட்டில் பெயின்ட் பூச்சும் தேய்த்த தடமும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். உள் டயரைத் தேதிப் பக்கம் சேசிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) நோக்கியும், வெளி டயரைத் தேதிப் பக்கம் வெளியே தெரியும்படியும் பூட்டச் சொல்கிறேன். தேதி எண்களையும் எச்.எஸ்.என். எண்ணையும் பில்லில் எழுதிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்கிறேன். இதற்கு ஒப்புக்கொள்ளாத இரண்டு கடைகளிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன். மூலக்கடைப் பக்கம் ஒப்புக்கொண்ட கடைக்காரர், தானே ஒரு சாக்பீஸை எடுத்து எண்களின் மேல் தேய்த்துப் படம் எடுக்க வசதி செய்து கொடுத்தார்.

இந்தப் பகுதியில் அண்மையில் பின் டயர் மாற்றியவர்கள் பழைய பில்லை எடுத்து 4012 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். புது டயர் என்று வாங்கியதற்கு அந்த எண் இருந்தால், கழற்றும்போதே வண்டி எண்ணும் தெரியும்படி படமும் காணொளியும் எடுத்து, டயர்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாமல் உங்கள் வசமே வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். அதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.