இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: 16,800 ரூபாய் போன கதை

ஒப்பீட்டுத் தாள் என்ற பெயரில் ஒரு பொய்யை அச்சடித்துக் கையில் கொடுத்து, 16,800 ரூபாயை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, இன்று என் எண்ணைக் கண்டாலே அழைப்பைத் துண்டிக்கிற ஒரு கணினிக் கடையைப் பற்றியது இந்தப் பதிவு. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையோ பிரிண்டர் நிறுவனத்தின் பெயரையோ எழுதவில்லை. பல ஊர்களில் கிளை பரப்பி, வாசலில் பலூன் கட்டி, தவணை வசதியும் தரும் குளிரூட்டிய கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

பொறியியல் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்தான் எங்களுக்கு அறுவடை. அறுபது பக்கம், நான்கு படிகள், நடுநடுவே வண்ண வரைபடங்கள், அதுவும் நாளைக் காலைக்குள் வேண்டும் என்பார்கள். ஆகவே எனக்கு வேண்டியவை இரண்டே: வேகம், தெளிவான எழுத்து. இதை விற்பனையாளரிடம் முதலிலேயே சொன்னேன். அவர் நெகிழிப் பையிட்ட ஒரு தாளை எடுத்து வைத்தார். அதில் புட்டி மையை ஊற்றி நிரப்பும் இரண்டு இங்க் டேங்க் மாடல்கள் அருகருகே இருந்தன. ஒன்றுக்கு நிமிடத்துக்கு 33 பக்கம், மற்றொன்றுக்கு 16 பக்கம். முதலாவது 2,300 ரூபாய் கூடுதல் விலை. "பாதி ஸ்பீடு மிஷினை வெச்சுக்கிட்டு சீசன்ல அல்லாடப் போறீங்களா சார்?" என்று கேட்டார்.

கேட்டதோடு நிற்காமல் ஓட்டியும் காட்டினார். நாலைந்து வரி கொண்ட ஒரு கடிதத்தை அனுப்பியதும் தாள்கள் சரசரவென்று வந்து விழுந்தன. பிறகு கோப்பிலிருந்து ஒரு கிளியின் படத்தை எடுத்துக் கொடுத்தார். இறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. "இதே மிஷின்ல அடிச்சதுதான், 5760 டிபிஐ" என்றார். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் மைப் புட்டிகளைத் திறந்து நான்கு டேங்குகளையும் நிரப்பிவிட்டான். "நீங்க சிரமப்பட வேணாம் சார், இன்ஸ்டலேஷன் ஃப்ரீ." அந்த உபசாரத்தின் உள்நோக்கம் பிறகுதான் வெளிப்பட்டது.

முதல் ரிப்போர்ட்டின் ஒரு படிக்கே ஏறத்தாழ கால் மணி நேரம் ஆனது. கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் மை நூல் நூலாகக் கசிந்திருந்தது. வேகத்தைக் கூட்டுவதற்காக டிராஃப்ட் என்ற அவசர அமைப்பில் போட்டால் எழுத்து சாம்பல் நிறத்தில் வந்தது, வரைபடங்களின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. "அண்ணா, எழுத்து ஏன் அழுக்கா இருக்கு?" என்று கேட்ட பையனுக்கு வேறு கடையில் அடித்துக் கொடுத்தேன், என் கைக்காசில்.

நிறுவனத்தின் விவரக் குறிப்பை வரவழைத்துப் படித்தபோதுதான் சூது விளங்கியது. 33 என்பது டிராஃப்ட் வேகம், அதாவது மையைக் குறைத்து, அச்சுத் தலையை அவசரமாக ஓட்டி, ஏறக்குறைய வெறுமையான ஒரு பக்கத்தை அடிக்கும்போது கிடைப்பது. அதே இயந்திரத்துக்கு அடுத்த வரியில், எறும்பளவு எழுத்தில், ஐஎஸ்ஓ வேகம் கறுப்புக்கு 10, வண்ணத்துக்கு 5 என்று இருக்கிறது. இது 2009இல் வெளியான ஐஎஸ்ஓ/ஐஇசி 24734 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, வேர்டு, எக்செல், பிடிஎஃப் கோப்புகளை இயந்திரத்தின் இயல்பான அமைப்பிலேயே அச்சிட்டு அளப்பது. விலை குறைந்த மாடலுக்குத் தாளில் போட்டிருந்த 16 இருக்கிறதே, அது அதன் ஐஎஸ்ஓ வேகம்! ஒன்றின் டிராஃப்ட் அளவையும் மற்றொன்றின் ஐஎஸ்ஓ அளவையும் ஒரே கட்டத்தில் எழுதி, மெதுவான இயந்திரத்தை இருமடங்கு வேகமானதாகக் காட்டி, அதற்கு 2,300 ரூபாய் அதிகமும் வாங்கியிருக்கிறார்கள். இது கைத்தவறு என்றால், தவறு கடைக்கு இலாபமான பக்கமாகவே ஏன் சாய்கிறது?

கிளிப் படமும் அப்படித்தான். அந்தத் தாளைத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழுவழுப்பாக இருக்கும். மை ஊறாமல் மேலேயே நிற்கும்படி பூச்சு பூசிய தாள் அது. 5760 டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்குள் மைத்துளியை எவ்வளவு நெருக்கமான இடங்களில் வைக்க முடியும் என்பதற்கான உச்ச அளவே தவிர, 70 ஜிஎஸ்எம் சாதாரணத் தாளில் எழுத்து எப்படி விழும் என்பதை அது சொல்லாது. எனக்கு விற்ற மாடலில் கறுப்பு உட்பட நான்கும் நீரில் கரையும் சாய மை, சாதாரணத் தாளில் ஊறிப் பரவும், ஈர விரல் பட்டால் கலையும். கறுப்புக்குக் கரையாத நுண்துகள் கொண்ட நிறமி மை பயன்படுத்தும் மாடல்களில் எழுத்து கூர்மையாக விழும். ஜெராக்ஸ் கடைக்காரன் என்று தெரிந்தும் இதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

கடைக்குப் போனால், "நூறு பக்கம் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள். ஓடியது, ஆகவில்லை. பிறகு தாளை மாற்றச் சொன்னார்கள். பிறகு கம்பெனி சர்வீஸுக்குப் பேசச் சொன்னார்கள். வந்த சர்வீஸ்காரர் மைத்துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் நாசில் செக் எடுத்தார், கோடுகள் முழுமையாக இருந்தன. ஹெட் கிளீனிங், அதாவது அச்சுத் தலையைச் சுத்தம் செய்வது, என்று என் மையையே செலவழித்துவிட்டு, "இயந்திரத்தில் குறையில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னது உண்மைதான், குறை இயந்திரத்தில் இல்லை, அதை விற்ற வாயில் இருக்கிறது. 16,800 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், அல்லது மற்ற மாடலையாவது மாற்றித் தாருங்கள் என்றதற்கு மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இங்க் ஊத்தின பீஸை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார். ஊற்றியது யார்? அவர் கடைப் பையன்! அந்த ஒப்பீட்டுத் தாளைக் கேட்டேன். அப்படி ஒன்று கடையில் இல்லையாம். நான் படம் எடுத்து வைத்திருப்பது அவருக்குத் தெரியாது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் இல்லை. 16,800 ரூபாய் அவர்களுக்கு ஒரு மணி நேர வியாபாரம், எனக்கு ஒரு சீசனின் இலாபம்.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன், வாசலில் ஆள் நிற்கிறது. சுருக்கமாக: வேகம் என்று யார் சொன்னாலும் ஐஎஸ்ஓ வேகமா என்று கேளுங்கள், கறுப்பையும் வண்ணத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் கோப்பைப் பென் டிரைவிலும் உங்கள் தாளைக் கையிலும் கொண்டுபோய் அதை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். கறுப்பு மை சாயமா நிறமியா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மைப் புட்டியின் சீலைக் கடையில் எவரையும் உடைக்க விடாதீர்கள்.